அளந்து பார்த்தோமா?



அறிவியல் பயிலும் மாணவர் நாம். ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்பியின் விட்டத்தைக் காண வேண்டுமானால், திருகு அளவியை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடுவதில்லை. ஐந்து இடங்களில் வைத்து, சுழிப்பிழை உண்டா என்று பார்த்து, சராசரி கண்ட பிறகே ஏட்டில் எழுதுகிறோம். எழுதாமற் போனால் ஆசிரியர் ஏட்டைத் திருப்பித் தருகிறார். அத்தகைய நாமே, உழைத்துச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகும்போது மட்டும் அளவுகோலை விடுதியிலேயே விட்டுவிட்டுப் போகிறோமே, ஏன்? இதை உங்களைப் பார்த்துக் கேட்கும் தகுதி எனக்கு முழுமையாக உண்டு. ஏனெனில் அக்குற்றத்தைச் செய்தவன் நான்.

தென்காசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடிக் கழக்கூட்டம் வந்த குடும்பம் எங்களுடையது. 1990-இல் டெக்னோபார்க் தோன்றிய பின் இவ்வூரில் அடுக்குமாடி வீடுகள் பெருகின. அவ்வீடுகளில் சட்டைகள் பெருகின. சட்டைகளைத் தேய்த்துக் கொடுக்க எங்களைப் போன்றோர் வந்து சேர்ந்தோம். அப்பா இஸ்திரிக் கடை நடத்துகிறார். நான் காரியவட்டம் வளாகத்தில் முதுநிலை அறிவியல் பயில்கிறேன். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். இரவில், மறைப்பானேன், கணிப்பொறியில் விளையாடுகிறேன். அவ்விளையாட்டை இழிவாகக் கருதும் பெரியவர்களுக்கு இங்கே நான் விடை கூறப் போவதில்லை. பந்தாட்டமும் சதுரங்கமும் இளைஞனுக்கு எப்படியோ, அப்படியே இதுவும் என்பது என் எண்ணம். என் வழக்கு வேறு.

என்னிடம் ஜிடிஎக்ஸ் 1650 என்னும் கிராபிக்ஸ் கார்டு இருந்தது. 2019-இல் வெளிவந்த எளிய கார்டு அது. அதை மாற்றி ஆர்டிஎக்ஸ் 3060 வாங்க வேண்டுமென்ற ஆசை ஓராண்டாக என்னைப் பிடித்து ஆட்டியது. விவரப் பட்டியலைப் பார்த்தேன். பழையதில் கணக்கிடும் உள்ளகங்கள் 896, புதியதில் 3,584. வகுத்துப் பார்த்தால் சரியாக நான்கு மடங்கு! இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்று இறுமாந்தேன். "விளையாட்டுக்கு மட்டும் இல்லப்பா, என் ஆய்வுத் திட்டத்துக்கும் இதுதான் வேலை செய்யும், நாலு மடங்கு வேகம்" என்று அப்பாவிடம் சொன்னேன். இரண்டாவது இஸ்திரிப் பெட்டி வாங்குவதற்காகச் சீட்டுப் பிடித்து அவர் வைத்திருந்த ரூ.12,000, மறுநாள் என் கையில் இருந்தது.

கார்டு ரூ.27,000. அதற்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. என் பெட்டியில் இருந்ததோ அதற்குக் குறைந்தது. ஆகவே மேலும் ரூ.3,500. பழைய கார்டை விடுதியில் இளைய மாணவர் ஒருவருக்கு ரூ.6,500-க்கு அன்றே விற்றேன். மீதி ரூ.12,000 என் பாடம் சொல்லும் வருமானம். புதுக் கார்டைப் பொருத்தினேன், விளையாடினேன், மகிழ்ந்தேன்.

ஒரு வாரம் கழித்துக் கடையில் துணி அடுக்கிக் கொண்டிருந்தபோது அப்பா கேட்டார்: "எய்யா, எவ்வளவு கூடியிருக்கு?"

"ரெண்டு மடங்குக்கு மேலே இருக்கும்ப்பா."

"இருக்கும்னா? முன்னால எவ்வளவு இருந்துச்சுன்னு எழுதி வச்சிருக்கியா?"

எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டுமென்ற எண்ணமே எழவில்லை. அப்பா மேலும் ஒன்றும் கேட்கவில்லை. கையிலிருந்த சட்டையின் கழுத்துப் பட்டையைத் தேய்க்கத் தொடங்கிவிட்டார்.

அவர் ஒன்றும் கேட்காததற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. எங்கள் கடையில் முன்பு சிரட்டைக் கரி போட்டுத் தேய்க்கும் பெட்டிதான் இருந்தது. கேஸில் சூடேறும் இஸ்திரிப் பெட்டி வந்தபோது, "வேலை பாதியாகும், வருமானம் இரட்டிக்கும்" என்று விற்க வந்தவர் கூறினார். அப்பா அதை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. முதலில் ஒரு மாதம், மணிக்கு எத்தனை உருப்படி தேய்க்கிறோம், கரிக்கு என்ன செலவு, காலையில் கனல் பிடிக்க எவ்வளவு நேரம் வீணாகிறது என்று ஒரு பழைய நாட்குறிப்பில் எழுதி வந்தார். பிறகு உறவினர் ஒருவரின் கேஸ் பெட்டியை ஒரு வாரம் இரவல் வாங்கி, அதே துணி, அதே மேசை, அதே ஆள் என்று தேய்த்துப் பார்த்தார். மணிக்கு 18 உருப்படி என்பது 24 ஆயிற்று. இரட்டிக்கவில்லை, மூன்றில் ஒரு பங்கு கூடியது. அந்த மூன்றில் ஒரு பங்கு போதுமா என்று கணக்குப் போட்டு, போதும் என்று கண்ட பிறகே வாங்கினார். எட்டாம் வகுப்பைத் தாண்டாத அவர் செய்தது சோதனை. முதுநிலை அறிவியல் பயிலும் நான் செய்தது நம்பிக்கை!

நாணம் ஒரு நல்ல ஆசிரியன். பழைய கார்டை வாங்கிய அந்த இளைய மாணவரிடம் சென்று, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அதை இரவல் கேட்டேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார். அன்று காலை முதல் இரவு வரை இரண்டு கார்டுகளையும் மாறி மாறிப் பொருத்தி அளந்தேன். ஒரே பெட்டி, ஒரே பிராசசர், ஒரே திரை, ஒரே விளையாட்டு, ஒரே காட்சி, ஒரே பட அமைப்பு. ஒவ்வொன்றையும் நான்கு முறை ஓட்டி, முதல் ஓட்டத்தைத் தள்ளிவிட்டேன். ஏனெனில் முதல் ஓட்டத்தில் விளையாட்டு தனக்கு வேண்டியவற்றை வட்டிலிருந்து ஏற்றிக்கொண்டிருக்கும், கார்டும் சூடேறி நிலைப்பட்டிராது. மற்ற மூன்றின் நடு எண்ணை எழுதினேன்.

கண்டவற்றைக் கூறுகிறேன். 'சைபர்பங்க் 2077' என்னும் கனமான விளையாட்டில் நொடிக்குச் சராசரியாக 38 படங்கள் என்றிருந்தது 71 ஆயிற்று. 'கவுன்டர் ஸ்டிரைக் 2' விளையாட்டில் 104 என்பது 127 ஆயிற்று. முன்னதில் 87 விழுக்காடு. பின்னதில் 22 விழுக்காடு. தாளில் நான்கு மடங்கு என்று கண்டேனே, அந்த நான்கு மடங்கு எங்கே போயிற்று?

போன இடத்தை அன்று மாலையே கண்டுபிடித்தேன். ஒவ்வொரு படத்தையும் கார்டு தனியாக ஆக்குவதில்லை. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பாய்கிறது, எதை எங்கே வரைய வேண்டும் என்பதையெல்லாம் பிராசசர் கணக்கிட்டுக் கொடுத்த பிறகே கார்டு வரைகிறது. கொத்தனார் எவ்வளவு கைதேர்ந்தவராயினும், சித்தாள் கல் எடுத்துக் கொடுக்கும் வேகத்திற்கு மேல் சுவர் எழும்புமா? என் பிராசசர் பழைய நான்கு உள்ளகப் பிராசசர். அதுவே சித்தாள்.

இதை அறியப் புதுக் கார்டு வாங்க வேண்டியதே இல்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. பழைய கார்டை வைத்துக்கொண்டே 'கவுன்டர் ஸ்டிரைக் 2' விளையாட்டின் படத் தெளிவை 1080 வரிகளிலிருந்து 720 வரிகளுக்கு இறக்கி ஓட்டினேன். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைந்தன. கார்டின் சுமை பெரிதும் இறங்கியது. ஆனால் 104 என்பது 125 வரைதான் ஏறியது. அதற்கு மேல் அசையவில்லை. அந்த 125 பிராசசரின் எல்லை. புதுக் கார்டில் எனக்குக் கிடைத்ததோ 127! ஐந்து நிமிடத்தில், காசு செலவின்றி, வாங்குவதற்கு முன்பே நான் தெரிந்துகொண்டிருக்கக் கூடிய விடைக்கு ரூ.24,000 கொடுத்தேன்.

சராசரி என்பதும் ஒரு மாயத்திரை, தோழர்களே. ஒரு நொடியில் 59 படங்கள் முதல் 800 மில்லி நொடிக்குள் வந்துவிட்டு, அறுபதாவது படம் மட்டும் 200 மில்லி நொடி எடுத்துக்கொண்டால், கணக்கு நொடிக்கு 60 என்றே சொல்லும். ஆனால் அந்த 200 மில்லி நொடியில்தான் திரை உறைகிறது. அப்போதுதான் நாம் சுடப்படுகிறோம். இதை 2011-இல் ஸ்காட் வாசன் என்னும் அமெரிக்கத் திறனாய்வாளர் வலியுறுத்தி எழுதினார். நொடிக்கு எத்தனை படம் என்பதோடு, ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை மில்லி நொடி ஆகிறது என்பதையும் அளக்கும் வழக்கம் அதன் பின் பரவியது. இன்று மிகமந்தமான நூற்றில் ஒரு பங்குப் படங்களின் வேகத்தைத் தனியே குறிக்கிறார்கள். நானும் குறித்தேன். முதல் விளையாட்டில் 29 என்பது 46 ஆகியிருந்தது, நல்லது. இரண்டாவதில் 47 என்பது 49. என் திரையோ நொடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கும் பழைய திரை. ஆகவே 104-க்கும் 127-க்கும் உள்ள வேறுபாட்டை அது பெரும்பாலும் காட்டப் போவதில்லை. நான் உணரக்கூடிய 47-லோ மாற்றம் இல்லை. நாள்தோறும் நான் ஆடுவது அந்த இரண்டாவது விளையாட்டைத்தான்!

விழுக்காடும் இவ்வாறே ஏமாற்றும். 30 படம் 60 ஆனால் ஒரு படத்துக்கு 16.7 மில்லி நொடி மிச்சம். 60 என்பது 120 ஆனால் 8.3 மில்லி நொடிதான் மிச்சம். 120 என்பது 240 ஆனால் 4.2. மூன்றும் 'நூறு விழுக்காடு உயர்வு' என்றே விளம்பரத்தில் வரும். கண்ணுக்குக் கிடைக்கும் பயனோ பாதி பாதியாகத் தேய்ந்து கொண்டே போகிறது.

ஆய்வுத் திட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். புரதம் ஒன்று நீரில் எவ்வாறு அசைகிறது என்று கணிப்பொறியில் பார்ப்பது என் பணி. ஒரு முழு ஓட்டத்துக்கு 10 மணி நேரம். அதில் கார்டு செய்யும் வேலை 6 மணி, பிறகு பிராசசர் செய்யும் பகுப்பாய்வு 4 மணி. புதுக் கார்டு தன் 6 மணி வேலையை 2 மணியில் முடித்தது. மூன்று மடங்கு வேகம், மறுக்கவில்லை. ஆனால் மற்ற 4 மணி அப்படியே இருந்தது. மொத்தம் 6 மணி. கார்டு கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்தாலும் மொத்தம் 4 மணிக்குக் கீழே இறங்காது. ஒரு பகுதியை மட்டும் விரைவாக்கினால் முழுமைக்குக் கிடைக்கும் பயனை மற்றப் பகுதி வரம்பு கட்டிவிடும் என்று ஜீன் ஆம்டால் 1967-லேயே சொல்லிவிட்டார். அவர் பெயரிலான விதியைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். தேர்வுத் தாளில் இருந்த விதி என் சட்டைப் பையை எட்டவில்லை!

"இது சிறுபிள்ளை விளையாட்டுச் செய்தி, இதில் என்ன பெரிய அறிவியல்?" என்று கேட்போர் உளராயின், கழக்கூட்டத்திலிருந்து சில கல் தொலைவில் உள்ள தும்பாவைப் பார்க்கட்டும். 1963 நவம்பர் 21 அன்று முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பிய அதே தும்பா. அங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011 மே மாதம் 'சாகா-220' என்னும் மீக்கணிப்பொறி தொடங்கி வைக்கப்பட்டது. விளையாட்டுக்கென்று பிறந்த கிராபிக்ஸ் கார்டின் இனத்தைச் சேர்ந்த 400 கருவிகளும், 400 பிராசசர்களும் சேர்ந்தது அது. செலவு ஏறத்தாழ ரூ.14 கோடி. கார்டு ஒவ்வொன்றுக்கும் 500 கிகாபிளாப், பிராசசர் ஒவ்வொன்றுக்கும் 50 கிகாபிளாப் என்று கூட்டினால் 220 டெராபிளாப் வரும். பெயரிலுள்ள 220 அதுவே. அது கோட்பாட்டு உச்சம் என்று அவர்களே தெளிவாகக் கூறினர்.

பின்னர் அந்தக் கணிப்பொறி விரிவாக்கப்பட்டு, உலகின் முதல் 500 கணிப்பொறிகளின் பட்டியலில் இடம்பெற்றது. 1993 முதல் வெளிவரும் அப்பட்டியலில் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று தாளில் கூட்டிய உச்சம். மற்றது 'லின்பாக்' என்னும் சோதனையை உண்மையாகவே ஓட்டி அளந்தது. நம் தும்பாக் கணிப்பொறிக்குத் தாளில் ஏறத்தாழ 395. அளவில் ஏறத்தாழ 189. பாதிக்கும் குறைவு! இதனால் அம்மையத்துக்கு இழிவு வந்துவிட்டதா? இல்லை. கார்டுகளை நிறையப் பூட்டிய கணிப்பொறிகளுக்கு அக்காலத்தில் அது இயல்பு. ராக்கெட் செய்வோரே இரண்டு எண்களையும் அருகருகே அச்சிட நாணவில்லை. சந்தையில் நமக்குக் காட்டப்படுவதோ ஒரே எண். அதுவும் எந்த எண் என்று சொல்லாத எண்.

அவ்வெண் எவ்வாறெல்லாம் உருவாகிறது என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உள. 2001-இல் ஏ.டி.ஐ. நிறுவனத்தின் ரேடியான் 8500 கார்டில் 'குவேக் 3' விளையாட்டை ஓட்டி வேகம் பார்ப்பது வழக்கம். அவ்விளையாட்டுக் கோப்பின் பெயரில் 'குவேக்' என்பதைக் 'குவாக்' என்று மாற்றி ஓட்டிப் பார்த்தனர் திறனாய்வாளர். வேகம் குறைந்தது! விளையாட்டின் பெயரை மோப்பம் பிடித்து, படத் தரத்தைச் சற்றே குறைத்து, வேகத்தைக் கூட்டிக் காட்டியது கார்டுக்குரிய இயக்கு நிரல். பெயரை மாற்றிப் பார்த்த ஐயமே உண்மையை வெளிக்கொணர்ந்தது.

2025 சனவரியில், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், என்விடியா நிறுவனத் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் விலையுள்ள புதிய 5070 கார்டு, 2022-இல் 1,599 டாலருக்கு வெளிவந்த 4090 கார்டின் திறனைத் தரும் என்று மேடையில் அறிவித்தார். செயற்கை அறிவு இன்றி இது இயலாது என்றும் உடன் கூறினார். உண்மையாக வரைந்த ஒரு படத்தோடு, ஊகித்து வரைந்த மூன்று படங்கள் வரை சேர்த்துத் தரும் வசதியையும் உள்ளடக்கிய கணக்கு அது. ஊகப் படங்களால் காட்சி வழுவழுப்பாகத் தெரியும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் விரல் அசைவுக்கு விளையாட்டு மறுமொழி தருவது உண்மைப் படங்களில் மட்டுமே. ஆகவே எண் நான்கு மடங்கானாலும் கை உணரும் விரைவு நான்கு மடங்காவதில்லை. இதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். இது வேறொரு கேள்விக்கான விடை. நம் கேள்வியை நாம் கேட்காவிட்டால், பிறர் கேள்வியின் விடைக்கு நாம் விலை கொடுப்போம்.

"இணைத்து வைத்த அட்டவணைகள் ஆயிரம் இருக்க, ஒவ்வொருவரும் தனித்தனியே ஏன் அளக்க வேண்டும்?" என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. கார்டோடு கார்டை ஒப்பிடத் திறனாய்வாளரின் அட்டவணை போதும். அவர்கள் உழைப்பை நான் போற்றுகிறேன். ஆனால் கார்டின் முழுத்திறன் தெரிய வேண்டும் என்பதற்காகவே, விலையுயர்ந்த பிராசசரோடு அதைப் பூட்டி அவர்கள் அளக்கிறார்கள். அப்படி அளப்பதே முறை. என் பெட்டியில் என் பழைய பிராசசர் அல்லவா இருக்கிறது? அங்கே கார்டு எவ்வளவு ஓடும் என்பதை உலகில் வேறு எவரும் எனக்காக அளந்து வைக்கவில்லை.

மின்கட்டணத்தையும் மறக்கலாகாது. பழைய கார்டு உச்சத்தில் 75 வாட். புதியது 170 வாட். வேறுபாடு 95 வாட். நாளுக்கு 4 மணி நேரம் முழு வேலையில் ஓடினால், மாதத்துக்கு ஏறத்தாழ 11 யூனிட் கூடுதல். பெரிய தொகை அன்று. ஆயினும் கடைக் கணக்கில் அதற்கும் ஒரு வரி உண்டு.

குறை கூறுவதோடு நின்றால் என் கடமை முடியாது. நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். விடுதியிலும், டெக்னோபார்க்கில் பணியாற்றும் நம் அண்ணன்மார் அறைகளிலும், ஆண்டுதோறும் எத்தனையோ கார்டுகள் கை மாறுகின்றன. மன்ற அறையில் ஒரு பொது ஏடு வைப்போம். கார்டு மாற்ற எண்ணுவோர் முதலில் தம் பழைய கார்டின் அளவை அதில் எழுதட்டும்: எந்த விளையாட்டு, எந்தக் காட்சி, எந்தப் பிராசசர், சராசரி என்ன, மந்தமான படங்களின் வேகம் என்ன, படத் தெளிவை இறக்கினால் என்ன ஆகிறது. அளக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இயன்றால் புதுக் கார்டு வைத்திருக்கும் தோழர் ஒருவர் அதை ஒரு நாள் இரவல் தரட்டும்; வாங்கும் முன்னரே விடை தெரிந்துவிடும். தாளில் சொன்னது ஒரு பத்தி, அளந்து கண்டது ஒரு பத்தி என்று தும்பாக் கணிப்பொறிக்குப் போலவே இரண்டு எண்களையும் அருகருகே எழுதுவோம். முதல் பதிவாக என் எண்களை, என் அறியாமையோடு சேர்த்து, நானே எழுதித் தருகிறேன்.

அன்று இரவு கடைக்குச் சென்று, எண்கள் எழுதிய தாளை அப்பாவிடம் காட்டினேன். "நாலு மடங்கு இல்லப்பா. நான் ஆடுற ஆட்டத்துக்கு ஒண்ணுமே கூடலை. படிப்பு வேலைக்குப் பத்து மணி நேரம் ஆறு மணி நேரம் ஆகியிருக்கு" என்றேன். தாளை விளக்கருகில் பிடித்துப் படித்தார். "பத்து ஆறாச்சுல்ல, அது நல்லதுதான். இதை முன்னாடியே எழுதியிருந்தா பெட்டியும் வாங்கியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். பாடம் சொல்லும் வருமானத்தில் மாதம் ரூ.2,000 வீதம் திருப்பிக் கொடுத்து வருகிறேன். இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அதுவரை கடையில் இருப்பது ஒரே பெட்டிதான்.

தோழர்களே! வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; விளையாட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முதலில் அளப்போம், அளந்ததை எழுதுவோம், அதன் பிறகு கடைக்குப் போவோம். ஆய்வுக்கூடத்தில் கற்றது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிட்டால், நாம் பெறப்போகும் பட்டத்துக்குத்தான் என்ன பொருள்?